பருக்குழிகளும் பரிகாரத் தெரிவும்

முகப்பரு ஆறியபின் கன்னத்திலே நிலைத்துவிடும் குழிகளுக்கு எந்தச் சிகிச்சை உத்தமமானது என்னும் வினா, இன்று யாழ்ப்பாணத்து வாலிபரும் அவர்தம் பெற்றோரும் தோல் வைத்தியரிடத்தே முதன்முதற் கேட்கும் வினாவாக இருப்பினும், அது புதிய வினாவன்று. அம்மாள் வருத்தம் என்று நம்மவர் அஞ்சிப் பேர் சொல்லிய பெரியம்மை, தான் உயிரோடு விட்டவர்களின் முகத்திலே குழிகளைப் பதித்துச் சென்ற காலத்திலேயே அவ்வினா பிறந்துவிட்டது. அந்நோய் உலகத்தினின்று ஒழிந்ததென உலக சுகாதார ஸ்தாபனம் 1980ஆம் ஆண்டிற் பிரகடனம் செய்த பின்னர் அம்மைக்குழிகள் அருகின, பருக்குழிகளோ அருகவில்லை. ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளாக மேனாட்டு மருத்துவம் இவ்வினாவுக்கு விடை கூறிவந்திருக்கின்றது. அவ்விடைகளுட் பெரும்பாலானவை தத்தம் காலத்திலே முடிந்த முடிபெனக் கொண்டாடப்பட்டு, அடுத்த தலைமுறையினரால் ஒரு மூலைக்கு ஒதுக்கப்பட்டவையே. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலே பருவுக்கு எக்ஸ் கதிர் பாய்ச்சுதல் பரவலாக அங்கீகாரம் பெற்ற சிகிச்சையாக இருந்ததென்பதையும், அக்கதிரை முகத்தில் ஏற்றவருட் சிலர் பல்லாண்டு கழித்துத் தோற்புற்றுக்கும் தைரொயிட் சுரப்பிப் புற்றுக்கும் ஆளாயினர் என்பதையும் நினைவிற் கொள்வோர், புதிய இயந்திரம் எதனையும் கண்டவுடன் கைகூப்பமாட்டார்.

இங்கே ஆராயப்படுவது பள்ளமாக விழுந்த தழும்பு மட்டுமே. தாடையோரத்திலும் மார்பிலும் மேடாகத் தடித்தெழும் தழும்பு வேறு ஜாதியைச் சேர்ந்தது. அதற்குரிய பரிகாரமும் வேறு. பரு ஆறிய இடத்திலே சில மாதங்கள் நிற்கும் கருங்கறையும் குழியன்று. அக்கறை பெரும்பாலும் காலகதியிலே தானாக மங்கும். அதனைத் தழும்பென்று மயங்கிச் சிகிச்சைக்குச் செல்வோர் தொகை, உண்மையான குழியுடையோர் தொகைக்கு இளைத்ததாக இராது.

சொல் ஒன்று, குழி மூன்று

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே மானிப்பாயில் இருந்துகொண்டு மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், ஆங்கில வைத்திய நூல்களைத் தமிழாக்கியபோது, கலைச்சொல் தொகுப்பதைத் தம் பணியின் பிரதான அங்கங்களுள் ஒன்றாகக் கொண்டிருந்தார். ‘இரண வைத்தியம்’ என்னும் பெயரோடு அறுவைச் சிகிச்சை நூலொன்று தமிழில் வெளிவந்தது அவர் முயற்சியினாலேயே. அம்முயற்சி பின்னர் தடைப்பட்டுப் போனமையின் விளைவுகளுள் மிகச் சிறியதாயினும் ஒன்று, இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயத்திலே காணக்கிடக்கின்றது. தமிழிலே வடு உண்டு, தழும்பு உண்டு. ஆனால் ஒரு பருக்குழியை இன்னொரு பருக்குழியினின்று வேறுபடுத்துதற்கு வழக்குச்சொல் யாதுமில்லை. சிகிச்சையின் பெயர்களோ விளம்பரப் பலகைகளின் உபயத்தால் எல்லோர் வாயிலும் உள்ளன. ஆகவே நோயாளி “எந்த லேசர் நல்லது?” என்று கேட்கின்றார், “என் குழி எவ்வகையானது?” என்று கேட்பதற்கு அவரிடத்துச் சொல் இல்லை.

2001ஆம் ஆண்டில் அமெரிக்கத் தோல் வைத்தியர்களான ஜேக்கப், டோவர், கமினர் என்னும் மூவர் இக்குழிகளை மூவகையாகப் பகுத்தனர். அப்பகுப்பே இன்று உலகெங்கும் வழங்குகின்றது. வாயிலே 2 மில்லிமீற்றருக்குக் குறுகியும் உள்ளே செல்லச் செல்லக் கூம்பியும் தோலின் அடிப்படை வரை இறங்குவது முதல்வகை. அதனை ஊசிக்குழி எனலாம். 1.5 முதல் 4 மில்லிமீற்றர் வரை அகன்று, செங்குத்தான சுவர்களும் தட்டையான அடியும் கொண்டு, கொப்பளிப்பான் வடுவைப் போலத் தோன்றுவது இரண்டாம் வகை, அது பெட்டிக்குழி. 4 அல்லது 5 மில்லிமீற்றருக்கு மேல் அகன்று, தெளிந்த கரையின்றி, மெல்லிய அலைபோல ஏறியிறங்குவது மூன்றாம் வகை, அது அலைக்குழி. இவற்றுள் முன்னிரண்டும் தோலிலே பொருள் இழந்தமையால் உண்டானவை. மூன்றாவதிலோ தோலின் அடிப்புறத்தை நார்க்கயிறுகள் கீழ்த்திசுவோடு பிணைத்து இழுத்துப் பிடித்திருக்கின்றன. மேலே எத்துணை தேய்த்தாலும் கீழே கட்டிய கயிறு அவிழாது என்பதை இவ்வொரு வேறுபாட்டிலிருந்தே ஊகிக்கலாம்.

இவற்றைப் பிரித்தறிவதற்கு இயந்திரம் வேண்டியதில்லை. விளக்கை முகத்துக்கு நேரே பிடியாமல், ஜன்னலோரத்திலே பக்கவாட்டு ஒளியில் கன்னத்தைத் திருப்பிப் பார்த்தல் வேண்டும். நேரொளியிலே மறைந்து கிடக்கும் அலைக்குழிகள் பக்கவொளியிலே நிழல் விழுந்து தோன்றும். பின்னர் இரு விரல்களால் தோலை மெல்ல இழுத்துப் பார்த்தால், அலைக்குழி பெரும்பாலும் மறையும், ஆழமற்ற பெட்டிக்குழி ஓரளவு மறையும், ஊசிக்குழி மறையாது நிற்கும். ஒரே கன்னத்தில் மூன்றும் கலந்திருப்பதே பெரும்பான்மையாகையால், ஒரு முகத்துக்கு ஒரு சிகிச்சை என்னும் எண்ணம் இப்பரீட்சையிலேயே தளர்ந்துவிடுகின்றது.

இப்பகுப்பிலும் குறையுண்டு. பருத்தழும்பிலே தேர்ந்த நிபுணர்களே ஒரே படத்தைப் பார்த்து வெவ்வேறு வகை கூறினர் என்பது 2013ஆம் ஆண்டளவில் வெளியான ஆராய்ச்சியொன்றிலே புலப்பட்டது. அவுஸ்திரேலிய வைத்தியர் குட்மனும் பாரன் என்பாரும் 2006இல் வகுத்த முறை, குழியின் உருவத்தை விட்டு அதன் தோற்றத்தை அளவுகோலாகக் கொண்டது. அரை மீற்றர் தூரத்திலே, அதாவது இருவர் நின்று பேசும் தூரத்திலே, தழும்பு கண்ணுக்குப் படுகின்றதா, தோலை இழுத்தால் மறைகின்றதா என்பவற்றைக் கொண்டு நான்கு படிகளை அது வகுக்கின்றது. சிகிச்சையைத் தெரிவதற்கு முன்னையதும், சிகிச்சை வேண்டுமா என்று துணிவதற்குப் பின்னையதும் உபயோகமானவை.

மேட்டைச் சீவுவோர்

குழியை நிரப்புவதிலும் குழியைச் சூழ்ந்த மேட்டைக் குறைப்பது எளிது என்பதே மிகப் பழைய கொள்கை. ஜேர்மனியைச் சேர்ந்த உன்னா 1882இல் சலிசிலிக் அமிலம், ரிசோசினோல், பீனோல், டிரைகுளோரோ அசற்றிக் அமிலம் ஆகியன தோலை உரிக்குந் தன்மையை விவரித்தார். அந்நாட்டவரான குரோமயர் 1905இல், பல் வைத்தியர் கையாளும் சுழல் துருவியைக் கொண்டு தோலைத் தேய்க்கும் முறையை வெளியிட்டார். 1953இல் நியூயோர்க்கிலே கேர்ட்டின் என்பவர் சுழலும் கம்பித் தூரிகையைப் பிரயோகித்து, முன்னதாகத் தோலைக் குளிரால் உறையச் செய்து, ஒரே அமர்விலே முகம் முழுவதையும் சீவிவிடும் வழியைப் பிரபலப்படுத்தினார். வெண்ணிறத் தோலிலே அதன் பலன் மெச்சத்தக்கதாக இருந்ததென்பதை மறுத்தல் நியாயமாகாது. ஆயினும் பலன் முழுவதும் சீவுபவரின் கைப்பழக்கத்தைப் பொறுத்தது. இரத்தம் நாற்புறமும் சிதறுகின்ற இவ்வேலை, எயிட்ஸ் நோய் அறியப்பட்ட பின்னர் வைத்தியருக்கே அச்சந்தருவதாயிற்று.

அவ்விடத்திலேதான் லேசர் புகுந்தது. கரியமிலவாயு லேசரை 1964இல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிசாலையிலே இயற்றியவர், மகாராஷ்டிரத்துப் பாராமதியிலே பிறந்த குமார் பட்டேல். அதன் கதிரைத் தோலிலுள்ள நீர் உறிஞ்ச, தோல் படலம் படலமாக ஆவியாகின்றது. 1990களிலே இவ்வொளிக்கத்தி கம்பித் தூரிகையை அப்புறப்படுத்தியது. ஆனால் கருவி மாறிற்றேயன்றிக் கொள்கை மாறவில்லை. முகமே ஒரு பச்சைப் புண்ணாகி ஏறக்குறைய இரு வாரம் கிடந்து ஆறவேண்டும். செம்மை மாதக்கணக்கில் நிற்கும். சிலருக்கோ பல மாதங்கள் கழித்து, சீவப்பட்ட இடமெங்கும் நிறமிழந்து வெளிறி, அவ்வெளிறல் நிரந்தரமாகத் தங்கிவிடும். மாநிறத் தோலுடையாருக்கு இது குழியினும் கொடியது. குழியைப் பக்கவொளியிலேதான் காணலாம். வெளிறலை வீதியின் மறுகரையிலிருந்தே காணலாம்.

சீவற்கொள்கையின் உள்ளார்ந்த குறை இன்னுமொன்று. ஊசிக்குழியின் அடி தோலின் அடியிலே இருக்கின்றது. அதுவரை சீவுவதாயின் தோலே எஞ்சாது, அதற்கு முன்னே நிறுத்துவதாயின் குழி எஞ்சும்.

தனித்தனிக் குழியை நாடுவோர்

முகத்தை ஒரு மைதானமாகக் கருதாமல் ஒவ்வொரு குழியையும் ஒரு தனிப்பட்ட நோயாளியாகக் கருதுவது இரண்டாவது கொள்கை. பத்திரிகை விளம்பரத்திலே இதனைக் காண்பது அரிது. விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் இதற்கு வேண்டாமையே காரணம் போலும்.

அலைக்குழிக்கு உரியது சப்சிஷன் எனப்படும் அடித்தளை அறுப்பு. இதற்கு அப்பெயரிட்டு 1995இல் முறைப்படுத்தியவர்கள் நியூயோர்க்கிலே ஓரன்றைக் குடும்பத்துத் தந்தையும் மகனும். தந்தையார் நோர்மன் ஓரன்றைக், தலைமயிரைப் பெயர்த்து நடும் நவீன முறைக்கு அடிகோலியவரே. தோலை மரக்கச் செய்து, நுனியிலே சிறு கத்திபோல அகன்ற ஊசியைக் குழிக்குச் சற்றுத் தொலைவிலே செலுத்தி, தோலுக்குச் சமாந்தரமாக அதன் அடியிலே முன்னும் பின்னுமாகவும் பின்னர் விசிறியின் ஓலைபோலப் பக்கங்களிலும் அசைக்க, குழியை இழுத்துப் பிடித்த நார்கள் ஒவ்வொன்றாக அறும். அவை அறும்போது நறநறவென்னும் ஓசை வைத்தியர் விரலுக்கும் நோயாளி காதுக்கும் எட்டும். அறுந்த வெளியிலே தேங்கும் இரத்தம் தோலைக் கீழே மீண்டும் ஒட்டவிடாமல் தாங்கி நிற்க, அங்கே புதிய நார்த்திசு தோன்றுகின்றது. முகம் ஓரிரு வாரம் கன்றி நீலம் பூத்திருக்கும். இதனை முன்கூட்டியே சொல்லாத வைத்தியர் பின்னர் வசை கேட்பார். மேற்றோல் பெரும்பாலும் தீண்டப்படாமையால் நிறமாற்றத்தின் அபாயம் குறைவு. எனினும் அறுத்த நார் மீண்டும் ஒட்டிக்கொள்வதுண்டு. ஆகையால் ஒரே அமர்வில் முடிவதில்லை. சிலருக்குத் தோலின் அடியிலே சிறு கட்டிகளும் தோன்றுவதுண்டு.

ஊசிக்குழிக்கு 2002இல் கொரிய வைத்தியர் லீயும் அவர்தம் குழுவினரும் வெளியிட்ட முறை, எளிமையாலும் துணிச்சலாலும் ஒருங்கே வியப்பூட்டுவது. உன்னா காலத்து டிரைகுளோரோ அசற்றிக் அமிலத்தையே அவர்கள் எடுத்தார்கள். ஆனால் நூற்றுக்கு 65, நூற்றுக்கு 100 என்னும் உக்கிரமான செறிவிலே எடுத்தார்கள். இச்செறிவை முகம் முழுவதும் பூசினால் முகம் வெந்துபோகும். அவர்களோ கூராக்கிய மரக்குச்சியின் நுனியை அமிலத்திலே தோய்த்துக் குழியின் அடியிலே மட்டும் அழுத்தினார்கள். சில விநாடிகளுக்குள் அவ்விடம் உறைபனி விழுந்தாற்போல் வெளுக்கும். பின்னர் பொருக்குக் கட்டி, சில நாளில் உதிரும். குழி அடியிலிருந்து சிறிது சிறிதாகத் தூர்ந்துவரும். கொரியர்களின் அனுபவம் மாநிறத்துக்கு அண்மையான தோலிலே பெற்றது என்பதும், இந்தியாவிலே நீதி குங்கர் முதலியோர் இதனை நம்மையொத்த தோலிலே பரீட்சித்து வெளியிட்டுள்ளார்கள் என்பதும் நமக்கு முக்கியமானவை. குச்சி கரையைத் தாண்டி வழுகினால் குழி அகலும், நிறமும் கெடும். இது மலிவான முறையேயன்றி இலகுவான முறையன்று.

ஆழ்ந்த பெட்டிக்குழியை, அதன் வாயளவேயான வட்டக்கத்தியால் வெட்டியெடுத்துத் தைத்துவிடுதலோ, சுவரை மட்டும் வெட்டி அடியைத் தோலின் மட்டத்துக்கு உயர்த்திவிடுதலோ பழைய அறுவை வைத்தியத்தின் வழி. குழியை ஒரு நேர்த்தியான சிறு கோட்டுக்கு மாற்றிக்கொள்வதே இவ்வியாபாரத்தின் இலாபம். உட்செலுத்தி நிரப்பும் மருந்துகள் உடனடிப் பலன் தருவன. அவற்றுட் பல கரைந்துபோவன. அவைபற்றி இங்கே விரிப்பதற்கு அதிகமில்லை.

தூண்டி விடுவோர்

மூன்றாவது கொள்கை தோலைச் சீவுவதுமில்லை, குழியைத் தனியே நாடுவதுமில்லை. தோல் முழுவதிலும் எண்ணிறந்த நுண்காயங்களை விளைத்து, அவற்றை ஆற்றும் முயற்சியிலே தோல் தானே புதிய நாரை நெய்துகொள்ளச் செய்வது அதன் உத்தேசம். இதன் பிறப்பிலே பச்சை குத்தும் கருவிக்கும் பங்குண்டு. கனடாவின் மொன்றியல் நகரிலே கமிராண்டும் டூசேயும் வெளிறிய தழும்புகளுக்கு நிறமேற்றும்பொருட்டு அக்கருவியைப் பிரயோகித்தபோது, நிறத்தைக் காட்டிலும் தழும்பின் உருவமே திருந்தியமை கண்டு, மையில்லாமலே ஊசியை மட்டும் குத்தும் முறையை 1997இல் வெளியிட்டனர். தென்னாபிரிக்க வைத்தியர் டெஸ்மண்ட் பெர்னாண்டஸ் அதனை உருளையாக்கி வழிப்படுத்தினார். ஏறக்குறைய 1.5 முதல் 2 மில்லிமீற்றர் நீளமான ஊசிகள் தோலைத் துளைக்கும், மேற்றோல் அகற்றப்படுவதில்லை, துளைகள் விரைவிலே மூடிக்கொள்ளும். காஷ்மீரத்து ஸ்ரீநகரிலே இம்ரான் மஜீத் 2009இல் வெளியிட்ட அனுபவம், மாநிறத் தோலிலே இம்முறைக்கு நம்பிக்கை ஊட்டியவற்றுள் ஒன்று.

லேசரும் இதே கொள்கைக்கு மாறியது. 2004இல் மான்ஸ்டைன், அண்டர்சன் முதலியோர், ஒளிக்கற்றையைச் சல்லடையிட்டாற்போற் பகுத்து, தோலிலே நுண்ணிய தூண்களாகச் சுட்டு, அத்தூண்களுக்கிடையே ஆரோக்கியமான தோலைத் தீண்டாது விட்டுவைக்கும் உபாயத்தை வெளியிட்டனர். தீண்டப்படாத தோல் தீண்டப்பட்டதை விரைவிலே ஆற்றுகின்றது. இன்று லேசர் என்று விற்கப்படுவது பெரும்பாலும் இதுவே. ஊசியின் நுனியிலே வானொலி அலையின் சூட்டைச் செலுத்தும் கருவி இவ்விரண்டினதும் சங்கரம். இரத்தத்தினின்று பிரித்தெடுத்த தட்டணுச்சாறு பூசுதல் முதலியன துணைகளேயன்றித் தனிச் சிகிச்சையென மதிக்கத்தக்கனவல்ல.

இக்கொள்கையின் பலவீனம் அதன் பொதுமையே. அகன்ற ஆழமற்ற குழியை இது திருத்தும். ஊசிக்குழியின் அடிக்கு எட்டாது. அலைக்குழியின் கயிற்றையும் அறுக்காது. நான்கு ஆறு வாரங்களுக்கொரு முறையாக மூன்று முதல் ஆறு அமர்வுகள் சென்ற பின்னும் “முன்னையினும் நன்று” என்பதற்கு மேல் சொல்லத் தகுந்த பலன் எல்லோருக்கும் கிட்டுவதில்லை. இதே ஊசி உருளையைத் தபாலில் வரவழைத்து வீட்டிலே உருட்டுவோர், கூர் மழுங்கிய ஊசியால் தோலைக் கீறி நோய்க்கிருமிக்கு வாயில் திறக்கின்றனர்.

மாநிறத் தோலின் நியாயம்

இம்மூன்று கொள்கைகளின் தராதரம் வெண்ணிறத் தோலிலே ஒருவிதமாகவும் நம் தோலிலே வேறுவிதமாகவும் அமைகின்றது. தோலை ஆறு வகையாகப் பகுக்கும் அளவுகோலை 1975இல் வகுத்தவர் ஹார்வார்ட் பேராசிரியர் பிட்ஸ்பற்றிக். வெயிலிலே தோல் சிவந்து வேகுமா, கறுக்குமா என்பதைக் கொண்டு ஒளிச்சிகிச்சையின் அளவைத் தீர்மானிப்பதற்காக எழுந்த அவ்வளவுகோல், முதலிலே வெண்ணிறத்தவரையே கருத்திற் கொண்டிருந்தது. பழுப்பும் கருமையும் ஐந்தாம் ஆறாம் வகைகளாகப் பின்னர் சேர்க்கப்பட்டன. யாழ்ப்பாணத்தவர் பெரும்பாலும் நான்காம் ஐந்தாம் வகைகளில் அடங்குவர் எனலாம். ஆனால் வெயிலில் வேகாத தோல் காயத்தில் கறுக்காது என்று அவ்வளவுகோல் எங்கும் சொல்லவில்லை. உண்மை அதற்கு நேர்மாறானது. நிறமணு மிகுந்த தோல், எரிச்சல் எதனால் விளைந்தாலும், பரு, சூடு, அமிலம், ஊசி எதுவாயினும், கருங்கறையையே விடையாகத் தருகின்றது.

கரியமிலவாயு லேசரின் கதிர் நிறமணுவை நாடாது நீரையே நாடுவது. ஆகவே கருநிறத்தவருக்கும் தீங்கற்றது என்று கூறுவோர் உளர். வாதத்தின் முற்பகுதி சரி. ஆயினும் நீரிலே பிறந்த சூடு நிறமணுக்களை அடுத்துப் பரவாமலிராது. தூண்களை நெருக்கமாகச் சுடுவது, ஒவ்வொரு தூணையும் ஆழமாகச் சுடுவதிலும் நம் தோலைக் கறுக்கச் செய்வதிலே வல்லது என்பதை ஆசியத் தோலிலே லேசர் கையாண்டோர் அறிவர். ஆதலின் லேசரை முற்றாக விலக்குதலும் மடமை. ரொறன்ரோவிலோ லண்டனிலோ வெண்ணிறத்தவருக்கென அமைத்த அளவை அப்படியே பிரயோகித்தலும் மடமை. அடர்த்தியைக் குறைத்து அமர்வுகளைக் கூட்டுதலே நடுவழி.

இப்பகுதியிலே இக்கட்டுரையின் அபிப்பிராயம் மறைக்கத்தக்கதன்று. நம் தோலுக்கு, அலைக்குழிக்கு அடித்தளை அறுப்பு, ஊசிக்குழிக்குக் குச்சிநுனி அமிலம், எஞ்சிய பொது மேடுபள்ளத்துக்கு ஊசி உருளை, அதன் பின்னரும் தேவை நிற்குமாயின் அடர்த்தி குறைந்த லேசர் என்னும் வரிசையே இதுவரையுள்ள சான்றுகளுக்கு இசைந்ததாகத் தோன்றுகின்றது. விலைப்பட்டியலின் வரிசை இதற்கு ஏறக்குறையத் தலைகீழானது.

லேபத்தின் எல்லை

பரராசசேகரம், செகராசசேகரம் என்னும் யாழ்ப்பாணத்து வைத்திய நூல்களின் மரபு இன்னும் கைதடிச் சித்த வைத்தியக் கல்விக்கூடத்தின் வழியே உயிரோடிருக்கின்றது. சந்தனம், மஞ்சள், இழைத்த சங்கு முதலியவற்றை முகத்திலே பூசும் வழக்கம் வீடுதோறும் உண்டு. அவை எரிச்சலைத் தணிக்கலாம், நிறத்தை ஒருபடித்தாக்க உதவலாம். தோலின் அடியிலே கட்டிய நாரை மேலே பூசிய லேபம் அவிழ்க்கும் என்று நம்புதற்கு நியாயம் காணவில்லை. மேனாட்டுக் கிறீம்களுக்கும் இது பெரிதும் பொருந்தும். தேசிக்காய்ச்சாற்றைப் பூசிக்கொண்டு வெயிலிற் செல்வதோ வெளிப்படையான தீங்கு; அச்சாறும் சூரிய ஒளியும் சேர்ந்து தோலைப் பொசுக்கி, பல வாரம் நிற்கும் கருங்கறையை எழுப்பும். நிறத்தை வெளுக்கவென்று விற்கப்படும் ஸ்டீரொயிட் கலந்த கிறீம் தோலை மெலிவித்துப் புதிய பருவையும் வரவழைக்கும்.

ஆறு மாத விதியின் கதை

கடும் பருவுக்கு ஐசோட்ரெற்றினோயின் என்னும் மருந்து 1982இல் அமெரிக்காவிலே அங்கீகாரம் பெற்றது. அம்மருந்தை உண்டவரிடத்தே தோலைச் சீவியபோது மேட்டுத்தழும்பு எழுந்ததென 1980களிலே சில குறிப்புகள் வெளிவந்தன. குறிப்பிடப்பட்ட நோயாளிகள் கைவிரல்களில் எண்ணத்தக்கவரே. அவற்றைக் கொண்டு, மருந்தை நிறுத்தி ஆறு மாதமேனும் கழியாமல் தழும்புச் சிகிச்சை எதுவும் கூடாதென்னும் விதி பிறந்து, ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் பெரிதும் அசையாமல் நின்றது. 2017இல் அமெரிக்க நிபுணர் குழுவொன்று சான்றுகளை மீண்டும் நிறுத்துப் பார்த்து, முழுச் சீவலுக்கும் முழு லேசர்ச் சீவலுக்கும் அவ்வெச்சரிக்கை தகும், மேலோட்டமான அமிலப் பூச்சுக்கும் பகுத்த லேசருக்கும் தாமதம் வேண்டுமென்பதற்குப் போதிய ஆதாரமில்லை என்று முடிவு கூறிற்று.

இது சிறு விஷயமன்று. தாமதிக்கும் காலத்திலே பரு நின்றிருந்தால் நட்டமில்லை. பரு நில்லாதிருக்கும்போது குழியைத் திருத்தப் புகுவது, கூரை ஒழுகும் வீட்டிலே தரையைத் துடைப்பதற்கு ஒப்பாகும். பருவை அடக்குவதே குழிக்கு முதற்சிகிச்சை என்பதில் மாத்திரம் எக்கொள்கையினருக்கும் கருத்து வேற்றுமையில்லை. அதற்கு யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரியின் தோல் கிளினிக்கிலே பணம் கேட்பதுமில்லை.

சான்றுகளின் எடை

கொக்ரேன் என்னும் சர்வதேச அமைப்பு 2016இலே பருத்தழும்புச் சிகிச்சைகள் பற்றிய பரீட்சைகளைத் தொகுத்து ஆராய்ந்தது. தகுதியுடையனவென ஏற்கப்பட்ட பரீட்சைகள் 24. அவற்றிலே பங்குபற்றியவர் எல்லோருமாக 789 பேர். உலகெங்கும் பருக்குழியுடையார் தொகையோடும் இச்சிகிச்சைகளிலே புரளும் பணத்தோடும் வைத்துப் பார்க்குமிடத்து இது மிகச் சொற்பம். நிரப்பும் மருந்துக்கு மாத்திரமே நடுத்தரமான சான்று கிட்டியது. எஞ்சியவற்றுக்குக் கிட்டியது அதனினும் மெலிந்தது. அவ்வாய்வாளர் சுட்டிக்காட்டிய தர்க்கம் ஒன்று ஊன்றிக் கவனிக்கத்தக்கது. பெரும்பாலான பரீட்சைகள் ஒரு சிகிச்சையை மற்றொரு சிகிச்சையோடு ஒப்பிட்டு, இரண்டும் சமமென்று முடித்தன. இரண்டுமே பயன் தந்தன என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். இரண்டுமே பயன் தரவில்லை என்றும் கொள்ளலாம். ஒன்றும் செய்யாது விட்ட கன்னத்தோடு ஒப்பிடாதவரை அவ்விரண்டு பொருளையும் பிரித்தறிய வழியில்லை.

இக்காலத்திலே வைத்தியர் பலர் கைக்கொள்வது கலப்புமுறை. அறுப்பையும் அமிலத்தையும் ஊசியையும் லேசரையும் ஒரே நோயாளியிடத்தே முறைமுறையாகப் பிரயோகிப்பது. குழிகள் கலந்திருப்பதால் சிகிச்சையும் கலந்திருத்தல் யுக்திக்குப் பொருந்துவதே. ஆனால் நான்கையும் செய்தபின் நலம் எதனால் விளைந்ததென்று எவர் சொல்லுவார்?

தூரமும் வெயிலும்

நூல்களிலே காணாத இரண்டு காரணிகள் குடாநாட்டிலே தெரிவைத் தீர்மானிக்கின்றன. முதலாவது தூரம். கொழும்பு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். யாழ்தேவிப் புகையிரதம் 2014 ஒக்டோபரிலே மீண்டும் யாழ்ப்பாணம் வந்ததும், பலாலியிலிருந்து சென்னைக்கு 2019இலே தொடங்கி இடைநின்ற விமானம் 2022 டிசெம்பரிலே மீண்டதும் இத்தூரத்தைச் சுருக்கின என்பது மெய். எனினும் ஓரமர்வுக்குச் சென்று வருதல் கூடும். நான்கு வாரத்துக்கொரு முறை ஆறு அமர்வுக்குச் சென்று வருதல் எல்லோர்க்கும் கூடுவதன்று. அதனினும் முக்கியமாக, சிகிச்சையின் கோளாறு சிகிச்சையன்று தோன்றுவதில்லை. மூன்றாம் நாளிலோ ஏழாம் நாளிலோ சீழாகவும், மூன்றாம் வாரத்திலே கருமையாகவும் தோன்றும். அந்நாளிலே வைத்தியர் கடலுக்கு அப்பாலிருப்பது உசிதமன்று. உயர்ந்த இயந்திரம் தொலைவிலும் எளிய ஊசி அருகிலும் இருக்குமாயின், பின்னையதைத் தெரிவது தாழ்வன்று.

இரண்டாவது வெயில். நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் வெயிலிலே நிற்கும் உத்தேசமுள்ளவர், அதற்கு முந்திய மாதத்திலே லேசருக்கு உட்படுதல் கருமையை விலைகொடுத்து வாங்குவதாகும். விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வருவோரிடத்து இத்தவறு நிகழ்வது எளிது. கார்த்திகை, மார்கழியிலே மழைமூட்டமான நாட்கள் ஒப்பீட்டளவிலே அனுகூலமானவை. வெயிற்காப்புக் கிறீமைத் தெரியும்போது, ஊதாக் கடந்த கதிர் மாத்திரமன்றிக் கண்ணுக்குப் புலனாகும் ஒளியும் மாநிறத் தோலைக் கறுக்கச் செய்யுமாகையால், இரும்பு ஒட்சைட்டுச் சேர்ந்த நிறக்கிறீமே நமக்கு ஏற்றது. முகூர்த்தத்துக்கு இரண்டு வாரம் முன்னே வந்து குழியை நீக்கித் தருமாறு கேட்பவரிடத்தே, செய்யக்கூடியது ஒன்றுமில்லை என்று சொல்லும் வைத்தியரே நம்பத்தக்கவர்.

தீராதவை

தீராத வினாக்கள் பல. அடித்தளை அறுப்பின் பலன் பத்தாண்டு கழித்தும் நிற்குமா, கலப்புமுறையிலே எது முந்துவது எது பிந்துவது, பருவை அடக்கிய உடனே தொடங்குதல் நன்றா சில மாதம் பொறுத்தல் நன்றா, எத்துணைத் திருத்தத்தை நோயாளி போதுமென்று கொள்வார் என்பனவற்றுக்கு உறுதியான விடையில்லை. கொக்ரேன் ஆய்வு கண்ட பரீட்சைகளுள் மிக நீண்ட காலம் நோயாளியைத் தொடர்ந்தது ஒன்றே. அதுவும் 48 வாரங்களே. சிகிச்சை ஒன்றும் செய்யாதிருத்தலும் தெரிவுகளுள் ஒன்றென்பதையும், அரை மீற்றர் தூரத்திலே புலப்படாத குழிக்கு அதுவே பெரும்பாலும் சிறந்த தெரிவென்பதையும் எழுதுவோர் குறைவு.

இவை தீரும்வரை, சிகிச்சையை நாடும் வாசகர் இரண்டு காரியங்களைச் செய்யலாம். இலங்கை மருத்துவ சபையிலே பதிவுபெற்ற, தோல் வைத்தியத்திலே பயிற்சியுள்ள வைத்தியரிடம் செல்லுக. அழகுக்கலை நிலையத்துக்கு அலங்காரத்துக்காக மட்டும் செல்லுக. அவ்வைத்தியரிடத்தே இயந்திரத்தின் பெயரைக் கேட்பதற்கு முன், “என் முகத்திலே ஊசிக்குழி எத்தனை, பெட்டிக்குழி எத்தனை, அலைக்குழி எத்தனை?” என்று கேட்டு, அவர் கூறும் எண்ணிக்கையைக் கிளினிக் கொப்பியிலே எழுதித் தருமாறு கேளுங்கள்.